மத்திய சிறையில் மனு பார்க்கச் செல்வோருக்கு: வாசல் சோதனை குறித்த என் அனுபவ மதிப்புரை

தமிழ்நாட்டில் உள்ள ஒன்பது மத்திய சிறைகளுள் ஒன்றில் என் தம்பி விசாரணைக் கைதியாக இருந்த பதினொரு மாதங்களும், மாதத்திற்கு இருமுறையாவது மனு பார்க்கச் சென்று வந்தேன். உள்ளே இருப்பவரைச் சந்திக்க மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், அந்தச் சந்திப்பையே ‘மனு’ என்று சொல்வது அங்கு வழக்கம். முதன்முறை செல்பவரைக் கலங்க வைப்பது வாசலில் நடக்கும் சோதனைதான்.

அடையாள அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்க வேண்டும். மனுவில் எழுதும் பெயரும் முகவரியும் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். கைப்பேசிக்கு உள்ளே அறவே இடமில்லை. அதை வாங்கி வைக்க நான் சென்ற சிறையில் ஏற்பாடு எதுவும் இல்லாததால், எதிரே இருந்த பெட்டிக்கடையில் பத்து ரூபாய் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்றேன். வெளியூரிலிருந்து வருவோர் பலர் இருக்கும் இடத்தில் இது பெரிய குறை.

கொண்டு செல்லும் பொருள்களை ஒன்றுவிடாமல் பிரித்துப் பார்ப்பார்கள். பிஸ்கட் பொட்டலத்தைக் கிழித்து, உள்ளிருப்பதை வெறும் பாலித்தீன் பையில் கொட்டுவார்கள். குளியல் சோப்பை இரண்டாக வெட்டுவார்கள். கைலியின் மடிப்பையும் சட்டைக் காலரையும் விரலால் நெருடிப் பார்ப்பார்கள். சிம் அட்டையும் கஞ்சாவும் இத்தகைய இடங்களில் ஒளித்துக் கொண்டு செல்லப்பட்டிருப்பதால் இதில் நான் குறை காணவில்லை. வீட்டில் சமைத்ததைக் கொண்டு சென்று திருப்பி எடுத்து வருவதைவிட, அனுமதிக்கப்படும் பொருள்கள் எவை என்பதை முதல் நாளே வாசலில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பாட்டியின் சுருக்குப்பையை அவிழ்த்த பெண் காவலர், வெற்றிலைக்குள் மடித்திருந்த புகையிலையை எடுத்து, “இதை யாருக்கும்மா கொண்டு போறீங்க?” என்று கேட்டார். தான் போடுவதற்கு வைத்திருந்தது என்று சொல்லும்போதே பாட்டிக்குக் குரல் நடுங்கியது. காவலர் புகையிலையை மட்டும் தனியே வைத்துவிட்டுப் பையை முடிந்து அவர் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த நிதானத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க முடியாது.

உடல் சோதனையில்தான் எனக்கு மனவருத்தம். பெண்களைப் பெண் காவலர்தான் சோதித்தார். கொண்டையை அழுத்திப் பார்ப்பதும், செருப்பைக் கழற்றச் சொல்லி வளைத்துப் பார்ப்பதும் முறையாகவே நடந்தன. ஆனால் திரைச்சீலை பாதி கிழிந்திருந்ததால், இடுப்பைத் தடவிப் பார்ப்பது வரிசையில் நிற்கும் அனைவருக்கும் தெரிந்தது. 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஐயத்திற்கு இடமிருந்தால் பார்வையாளரைச் சோதிக்கச் சிறை அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. அந்தச் சோதனை வேறொரு பார்வையாளரின் முன்னிலையிலோ கைதியின் முன்னிலையிலோ நடக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சோதனைக்கு உடன்படாதவரைத் திருப்பி அனுப்பலாம் என்றாலும், அதற்கான காரணத்தைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். தடைசெய்யப்பட்ட பொருளை உள்ளே கொண்டு செல்வது 42ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதால், வரிசையில் அறிமுகமாகும் யாரோ ‘இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்’ என்று நீட்டும் பையை ஒருபோதும் வாங்காதீர்கள்.

மூன்றாம் முறை, திரையைச் சரிசெய்யும்படி மேலதிகாரிக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தால் மனுவை மறுத்துவிடுவார்களோ என்று அம்மா அஞ்சினார். அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அங்கே புதிய திரை தொங்கியது. பொருள் சோதனைக்கு நிறைவான மதிப்பெண்ணும், கைப்பேசி ஏற்பாட்டிற்குப் பூஜ்யமும் தருவேன். சோதனை வரிசை நீண்டால் பேசும் நேரம் குறையும். ஆகவே காலையில் மனு வாங்கத் தொடங்கும் முன்பே வாசலில் இருங்கள்.