கவசம் அடியைத் தவிர்க்குமா, தாங்குமா? டி அன்ட் டி, கர்ப்ஸ், ரூன்குவெஸ்ட்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சனிக்கிழமை பின்னேரம் நாலைந்து பேர் கூடி டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விளையாடினால், இந்த வாக்குவாதம் எப்படியும் ஒருமுறை வரும். தகட்டுக் கவசம் போட்டவன்மேல் அடி படுவதே கஷ்டமா, அல்லது பட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாதா? டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அன்ட் டி) முதற்கட்சி. அதே வகை விளையாட்டுகளான கர்ப்ஸும் ரூன்குவெஸ்டும் மறுகட்சி. எது உண்மைக்குக் கிட்ட என்று கேட்டால் மறுகட்சிதான், அதில் பெரிய சந்தேகமில்லை. நான் பார்ப்பது வேறொன்றை: எதிரி என்ன உடுத்திருக்கிறான் என்று பார்த்து, கையிலுள்ள ஆயுதத்தை மாற்றுவதற்கு விதியில் ஏதாவது காரணம் இருக்கிறதா?

டி அன்ட் டி ஐந்தாம் பதிப்பில் இல்லை. சங்கிலிக் கவசத்துக்கு ஏசி (அடி படுவதற்கு உருட்டல் எட்டவேண்டிய எண்) 16, முழுத் தகட்டுக்கு 18. பலம் 16 உள்ள முதலாம் நிலை வீரன் 20 முக டைஸில் விழுவதோடு 5 கூட்டுவான். சங்கிலிக்கு எதிராகப் பாதிக்குப் பாதி படும், தகட்டுக்கு எதிராக நூற்றுக்கு 40. சேதத்துக்கு, ஒற்றைக் கையில் பிடித்தால் நீள்வாளுக்கு 8 முக டைஸ், கதாயுதத்துக்கு 6 முக டைஸ். எதிரில் நிற்பவன் இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் வாள்தான் லாபம்! பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தகட்டைத் தாண்டுவதற்கு சம்மட்டி எடுத்தார்கள், அல்லது வாளின் அலகையே ஒரு கையால் பிடித்துக் கவசத்தின் இடுக்கில் குத்தினார்கள். வீசி வெட்டிப் பிரயோசனமில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய பதிப்புகள் இதை யோசிக்காமல் விடவில்லை. 1978இல் வந்த வீரர் கையேட்டில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு கவச வகைக்கும் தனித்தனிக் கூட்டல் கழித்தல் அட்டவணை இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அட்டவணை பார்க்க யாருக்குப் பொறுமை? 1989இல் அதை வெட்டு, குத்து, நசுக்கு என மூன்றாகச் சுருக்கி, விரும்பினால் பாவிக்கலாம் என்று விட்டார்கள். 2000இல் அதுவும் போய்விட்டது. 2024 திருத்தத்தில் ஆயுதங்களுக்குத் தனி வித்தைகள் கொடுத்தார்கள், நல்லது. ஆனால் நீள்வாளுக்கும் கதாயுதத்துக்கும் ஒரே வித்தை. பகிடிதான்.

கர்ப்ஸில் கணக்கு தலைகீழ். பலம் 12 உள்ளவனை எடுப்போம். வாளால் வெட்டினால் சேதம் ஒரு 6 முக டைஸோடு 3, கதாயுதத்தால் ஒரு டைஸோடு 5. கவசத்தின் தாங்குசக்தியைக் கழித்த பிறகு மிஞ்சும் வெட்டு ஒன்றரை மடங்காகும் (பின்னத்தை விட்டுவிடுவார்கள்), நசுக்கல் அப்படியே நிற்கும். வெறும் மேனியில் வாள் சராசரி 9.5, கதாயுதம் 8.5. சங்கிலிக் கவசம் வெட்டுக்கு 4 தாங்கும், நசுக்கலுக்கு 2 மட்டுமே. இப்போது வாள் 3.5, கதாயுதம் 6.5. "மச்சான், வாளைப் போட்டுட்டு அந்தக் கதாயுதத்தை எடு" என்று பக்கத்திலிருப்பவர் கத்துவதற்கு இங்கே அர்த்தம் இருக்கிறது. கதாயுதத்துக்கு ஒரு விலையும் வைத்திருக்கிறார்கள்: அதால் அடித்த சுற்றில் அதாலேயே எதிரியின் அடியைத் தடுக்க முடியாது. கேடயம் இல்லாதவர் ரெண்டு தரம் யோசிப்பார்.

நேரம்தான் இடிக்கிறது. தாக்குபவர் உருட்ட வேண்டும், தற்காப்பவர் உருட்ட வேண்டும், பிறகு சேதம், கழித்தல், பெருக்கல். ஒரு சுற்று என்பது ஒரு விநாடி. எட்டுக் கொள்ளைக்காரரோடு சண்டை என்றால் காலி வீதியில் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது சந்தேகம்.

ரூன்குவெஸ்ட் நடுவில் நிற்கிறது. அடி எங்கே பட்டது என்று 20 முக டைஸ் சொல்லும், அந்த உறுப்பிலுள்ள கவசம் மட்டும் கழிக்கும். தலைக்கவசம் வாங்கக் காசிருந்து காலுக்கு இல்லாமல் போனால், அது பிறகு காலில்தான் தெரியும். கடையில் நிற்கும்போதே முடிவெடுக்க வைக்கிறதே, அது எனக்குப் பிடிக்கும். மாதக்கணக்கில் வளர்த்த பாத்திரம் ஒரே உருட்டலில் கையை இழப்பதைத் தாங்குகிற குழுவா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெக்கை விஷயத்தில் நம்மூர் ஆட்களுக்கு ஒரு குறிப்பு. 2014 டி அன்ட் டி விதியில் கடும் வெப்பம் 100 பாகை பாரன்ஹைட்டில்தான் தொடங்குகிறது. கொழும்பு சாதாரணமாக அதைத் தொடாது, ஆனால் இந்தப் புழுக்கத்தில் பஞ்சு அங்கிக்கு மேல் இரும்பு போட்டவன் புறக்கோட்டைச் சந்தியைத் தாண்டமாட்டான். கர்ப்ஸில் பத்து விநாடிக்கு மேல் போகும் சண்டையே களைப்பைக் கொடுக்கும். வெயில் நாளென்றால் இன்னும் கூட, தகட்டுக்காரருக்கு அதையும் விடக் கூட. இலங்கைக் களத்தில் கதை வைப்பவர்களுக்கு அது போதும். கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் கஸ்தானை வாளைக் கேட்பவர்களுக்கு டி அன்ட் டியின் சிமிட்டர் (வளைவாள்) கணக்கே பொருந்தும், புதிதாக எதுவும் எழுதத் தேவையில்லை.

ரெண்டு மூன்று பேர், நிதானமான துவந்த யுத்தம் என்றால் யோசிக்காமல் கர்ப்ஸ். புது ஆட்கள், நிறைய எதிரிகள் என்றால் டி அன்ட் டி, கூடவே என் வீட்டு விதி ஒன்று: சங்கிலியோ தகடோ போட்டவன்மேல் கதாயுதம், சம்மட்டிக்கு உருட்டலில் 2 கூட்டுங்கள். அப்போது அதே பலம் 16 வீரனுக்கு, தவறும் வீச்சுகளையும் சேர்த்து, தகட்டுக்கு எதிராக ஒரு வீச்சின் சேதம் கதாயுதத்தில் சராசரி 3.25, வாளில் 3. இயற்கையாகத் தடித்த தோலுள்ள மிருகங்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த கிழமை எல்லோரும் சம்மட்டியோடு வருவார்கள்.