அழித்த கோப்பைத் திரும்ப எடுக்க: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

கல்யாண வீடியோக்களின் மூலக் கோப்புகளை எதில் வைப்பது என்று பார்த்து, கடைசியில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் வாங்கினேன். சுழலும் தட்டுகள் இல்லாமல் ஃபிளாஷ் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானது, சத்தமில்லாதது, கீழே விழுந்தாலும் தாங்கும். எடிட்டிங்கை நானும் அதில்தான் செய்கிறேன். ஆனால் யாராவது கை தவறி ஒரு ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடித்துவிட்டால் எதிலிருந்து மீட்கலாம்? அதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

ஹார்ட் டிஸ்க்கில் அழித்தால், அந்த இடம் காலி என்று விண்டோஸ் தன் பட்டியலில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேறொன்று மேலே எழுதப்படும் வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். உடனே டிரைவைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃபோட்டோரெக் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும். அதனால் கோப்புப் பெயர்கள் போய்விடும். துண்டு துண்டாக எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் உடைந்து வரலாம். மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டியில் குறுக்கே நிற்பது டிரிம். ஃபிளாஷ் நினைவகத்தில் பழையதன் மேல் நேரடியாக எழுத முடியாது, முதலில் ஒரு பிளாக்கை முழுதாகத் துடைக்க வேண்டும். அதை முன்கூட்டியே செய்துவைக்க வசதியாக, 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று இயங்குதளம் டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. அதுதான் டிரிம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இது உண்டு. அதன்பின் அந்த இடத்தைப் படித்தால், உள்ளே இன்னும் துடைக்காமல் இருந்தாலும்கூட, பல டிரைவ்கள் வெறும் பூஜ்ஜியங்களைத்தான் தரும். எவ்வளவு விலை கொடுத்து மீட்பு மென்பொருள் வாங்கினாலும் அதற்கும் அதே பூஜ்ஜியங்கள்தான். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் டிரிம் வழக்கமாக வாரம் ஒருமுறைதான் ஓடும் என்பதால் கொஞ்சம் அவகாசம் இருக்கும். எஸ்எஸ்டியை உள்ளே வைத்து வெளியிலிருந்து இணைக்கும் சில யூஎஸ்பி பெட்டிகள் டிரிம் கட்டளையை டிரைவுக்குக் கடத்துவதே இல்லை. அப்போது வெளி எஸ்எஸ்டியிலும் முயன்று பார்க்கலாம். ஆனால் அதை நம்பி வேலையை வைக்க மாட்டேன்.

டிரைவே செத்துப்போனால் கதை வேறு. அதில் எனக்கு அனுபவம் குறைவு. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் கேட்டால் மென்பொருள் எதையும் ஓட்டாமல் அணைத்துவிடுவது நல்லது என்று மட்டும் சொல்வேன்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதும்) ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றிலும் இப்போது டிரிம் உண்டு. நான் தடங்கள் அப்படிப் படியாத சிஎம்ஆர் வகைதான் என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்கினேன். அப்புறம் அதே அளவில் இரண்டாவதையும் வாங்கி, ஒரு நகலை வேறு வீட்டில் வைத்திருக்கிறேன்.