குடோன் ஷெட்: பட்டறை வெல்டிங்கா, பிஇபியா, பழைய கன்டெய்னரா?

காங்கேயம் பக்கம் கொப்பரை ஏவாரம் பண்றவங்க, பல்லடம் பக்கம் தீவன மூட்டை ஸ்டாக் வைக்கறவங்க, எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், இரும்புல ஒரு குடோன் போடணும் எதுல போறதுன்னு. வழி மூணு இருக்கு. உள்ளூர் பட்டறைக்காரர் வந்து பைப் வெட்டி வெல்டு வச்சு போடற ஷெட், கம்பெனில செஞ்சு லாரில வந்து இறங்கற பிஇபி (ப்ரீ-இன்ஜினியர்ட் பில்டிங்), அப்புறம் துறைமுகத்துல கழிச்சு விட்ட கன்டெய்னர். கல்நார் ஷீட்டை நான் கணக்குலயே எடுக்கல, அது வேண்டவே வேண்டாம்.

மூணுக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன். யார்கிட்ட போனாலும் "சதுர அடி இவ்ளோ"ன்னு ஒரு ரேட்டு சொல்லுவாங்க, அந்த ரேட்டை வச்சு ஒண்ணுமே ஒப்பிட முடியாது. இரும்பு கிலோவுல விக்கற சாமான், கொட்டேஷனும் கிலோவுல வரணும். எத்தனை டன் இரும்பு, எந்த அளவு பைப், ஷீட்டு எத்தனை எம்எம், இது மூணும் பேப்பர்ல இல்லாத கொட்டேஷனை நான் படிக்கக்கூட மாட்டேன்.

பட்டறை ஷெட்டையே முதல்ல பாப்போம், நம்மள்ல முக்கால்வாசிப் பேர் அங்கதான் போறோம். 30க்கு 60 அடின்னு வச்சுக்கங்க, அகலம் 30 அடி வரைக்கும் நல்ல பட்டறைக்காரர் பைப் ட்ரஸ்ஸுலயே (கூரையைத் தாங்கற முக்கோணச் சட்டம்) நடுவுல தூண் இல்லாம சுத்தமா முடிச்சுடுவாரு, செலவும் இதுல தான் கம்மி, நாளைக்கு பக்கத்துல ஒரு சாய்ப்பு இறக்கணும்னாலும் அவரையே கூப்பிட்டுக்கலாம். வில்லங்கம் எங்கன்னா எல்லாமே அவர் கையில இருக்கு. 3 எம்எம் பைப்புன்னு பேசிட்டு 2.5 வந்து இறங்கும், கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது, ஒரு வெர்னியர் (கனம் அளக்கற கருவி) வாங்கி பைப் வாயில வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும், இல்லன்னா லாரி வரும்போதே எடை மேடை சீட்டு கேளுங்க. அடுத்தது வெல்டிங், நாலு பக்கமும் ஓடவேண்டிய வெல்டை ரெண்டு பொட்டு வச்சுட்டு மேல ரெட் ஆக்சைடு அடிச்சுட்டா யாருக்குத் தெரியும், அதனால பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏணி போட்டு ஏறிப் பாத்துடணும். தூண் அடியையும் பாருங்க, தூணுக்கு அடியில வர்ற பேஸ் பிளேட்டை தரைக்கு மேல கான்கிரீட் பெடஸ்டல் கட்டி அது மேல உக்கார வைக்கணும், மண்ணோட மண்ணா புதைச்சா மொதல்ல துருப்பிடிக்கறது அந்த இடம்தான். பைப் வாய் தொறந்து கிடந்தாலும் தண்ணி உள்ள எறங்கி உள்பக்கமாவே அரிக்கும், ஒரு மூடி வெல்டு வைக்க சொன்னா போதும்.

ஷீட்டு விஷயம் பட்டறைக்கும் பிஇபிக்கும் ஒண்ணுதான், ஆனா ஏமாத்து நடக்கறதே இங்கதான். 0.50ன்னு சொல்றது பெரும்பாலும் கோட்டிங், பெயின்ட் எல்லாம் சேத்து சொல்ற கனம், உள்ள இருக்கற வெறும் இரும்பு 0.42 பக்கம்தான் இருக்கும். தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா ஒருத்தர் மொத்த கனத்தை சொல்லி இன்னொருத்தர் வெறும் இரும்பை சொன்னா நீங்க ரெண்டு வேற சரக்கை ஒப்பிட்டுட்டு இருக்கீங்க. இதுக்கும் தராசுதான் வழி. 1220 எம்எம் அகல காயில்ல (தகட்டுச் சுருள்) உருட்டின ஷீட்டுல வெறும் இரும்பு 0.40 இருந்தா மீட்டருக்கு சுமார் 3.8 கிலோ வரணும், 10 மீட்டர் ஷீட்டைத் தூக்கி எடை போட்டு 38 கிலோவுக்கு கீழ நின்னா அது 0.40 கூட இல்லன்னு அர்த்தம். கோட்டிங்ல கால்வால்யூம் நல்லது, 55% அலுமினியம், மிச்சம் பெரும்பாலும் துத்தநாகம், துத்தநாகம் மட்டும் பூசின சாதா ஜிஐ ஷீட்டை விட மழைக்கு ரொம்ப காலம் தாங்கும். ஆனா மாட்டுக் கொட்டகை, கோழிப் பண்ணை ஒட்டி போடறீங்கன்னா யோசிங்க, அம்மோனியா ஆவிக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது, கம்பெனிக்காரங்க வாரன்டி பேப்பர்லயும் பொதுவா அதை விலக்கி வச்சிருப்பாங்க. இன்னொண்ணு, ஷீட்டை கிரைண்டர்ல வெட்ட விடாதீங்க, அந்தப் பொறி பட்ட இடமெல்லாம் கோட்டிங் கருகிப் போகும், ஸ்க்ரூ போட்ட இரும்புத் தூளை அன்னிக்கே கூட்டி தள்ளலன்னா முதல் மழையிலயே கூரை முழுக்க பழுப்புப் புள்ளி.

கன்டெய்னர் பக்கம் வருவோம். 20 அடி பெட்டி உள்ள பாத்தா நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35, கணக்குப் போட்டா 150 சதுர அடி தேறாது. காலியா இருந்தாலே 2.2 டன் பக்கம் வரும், அதனால ட்ரெய்லரும் கிரேனும் உங்க தோட்டத்துப் பாதைல வருமா, மேல கரண்ட் லைன் இடிக்குமான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க. வாங்கும்போது ரெண்டு வேலை செய்யுங்க: கதவுல சிஎஸ்சி தகடு (கன்டெய்னர் பாதுகாப்பு சான்று) ஒண்ணு அடிச்சிருக்கும், அதுல எந்த வருஷம் செஞ்சதுன்னு இருக்கும், அதைப் படிங்க. அப்புறம் உள்ள போய் கதவை சாத்த சொல்லுங்க, இருட்டுல எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா அங்க மழைத்தண்ணி வரும். மோட்டார், டூல்ஸ், சொட்டுநீர் பைப் வைக்க இதை விட பத்திரமான பெட்டி கிடையாது, எலி ஏறாது, திருடனுக்கும் சிரமம். ஆனா கொப்பரையோ தானியமோ உள்ள வைக்காதீங்க, பகல் சூட்டுல ஈரம் கிளம்பி ராத்திரி மேல் தகடு குளிர்ந்ததும் மூடி வச்ச சுடுசோறு மாதிரி வேர்த்து மூட்டை மேலயே சொட்டும், பூஞ்சை பிடிச்சா சரக்கு போச்சு. உள்ள போட்டிருக்கற பிளைவுட் தரையும் பூச்சிமருந்து ஏத்தினது, சாப்பிடற பொருளுக்கு அது எனக்கு ஒப்பல. ஜன்னல் வெட்டலாம்னு சொல்லுவாங்க, சுவரை நிறைய வெட்டினா பெட்டி பலம் குறையும், வெட்டின இடத்துல ஃப்ரேம் வச்சுத்தான் ஆகணும்.

பிஇபி பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, 60 அடி, 80 அடி அகலம் தூணே இல்லாம வேணும்னா அதுக்கு மேல வழி கிடையாது. டிராயிங் வரும், டன் கணக்கு வரும், போல்ட்டுல நிக்கறதால பின்னாடி கழட்டி வேற இடத்துல கூட நிறுத்தலாம். 1800 சதுர அடிக்கு போனா பல கம்பெனிக்காரங்க போனை கூட எடுக்க மாட்டாங்கங்கறது தனி கதை. கொட்டேஷன்ல அஸ்திவாரம் பெரும்பாலும் நம்ம தலையில தான் இருக்கும், அதைப் படிக்காம விட்டா செலவு எகிறும். அஸ்திவாரத்துல தூணைப் பிடிக்கற ஆங்கர் போல்ட்டை டெம்ப்ளேட் (ஓட்டை அளவுக்கு வெட்டின மாதிரித் தகடு) வச்சு நடாம மேஸ்திரி கண் அளவுல நட்டா, தூண் வந்து இறங்கற அன்னிக்கு ஓட்டை சேராம கேஸ் கட்டிங்ல ஓட்டையை அகலமாக்குவாங்க பாருங்க, அதுக்கு பட்டறை ஷெட்டே மேல்.

காத்து விஷயத்துக்கு தனியாவே சொல்லணும். கட்டடத்து மேல வர்ற காத்து பாரத்துக்கான இந்திய தரம் ஐஎஸ் 875 மூணாம் பாகத்துல காத்து வேகம் கோயமுத்தூருக்கு செகண்டுக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர்னு போட்டிருக்கு, கொஞ்சம்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், சதுர மீட்டருக்கு கோயமுத்தூர்ல சுமார் 93 கிலோ, சென்னைல 150. ஷீட்டோட சொந்த எடை 5 கிலோ கூட வராது. அப்போ கூரை விழறது பிரச்சனை இல்ல, மேல தூக்கறதுதான் பிரச்சனை. கஜா புயல் 2018 நவம்பர் 16 வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ டெல்டால எத்தனை கூரை பறந்துச்சுன்னு அந்தப் பக்கத்து ஆளுங்களைக் கேளுங்க. ஓரத்துலயும் மூலையிலயும்தான் இழுவை அதிகம், அங்க ஸ்க்ரூவை நெருக்கிப் போட சொல்லுங்க, ரப்பர் வாஷர் லேசா பிதுங்கற அளவு முடுக்கினா சரி, நசுங்கிப் போச்சுன்னா ரெண்டு வெயில்ல வெடிச்சு ஒழுகும். ஷட்டரும் முக்கியம், புயல்ல அது பிச்சுக்கிட்டா காத்து உள்ள புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும்.

அதனால நாகப்பட்டினம், கடலூர் பக்கம் உள்ளவங்க பட்டறை ஷெட்டுக்குப் போனாலும் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்கிட்ட டிராயிங் போட்டு கையெழுத்து வாங்கிட்டு அதைப் பட்டறைக்காரர் கையில குடுங்க, பேங்க் லோன் எடுத்தா அந்த டிராயிங்கையே அங்கயும் கேப்பாங்க. எங்க பக்கம் 30 அடி அகல கொப்பரை குடோனுக்கு நான் பட்டறையைத்தான் சொல்லுவேன், மேல ரெண்டு மூணு டர்போ வென்டிலேட்டர் (காத்துல சுத்தற கூரை விசிறி), மூட்டைக்கு அடியில கட்டை, டூல்ஸுக்கு வேணும்னா ஓரமா ஒரு 20 அடி கன்டெய்னர்.