அம்மானில் திராஸ்: செக்கிங் வேலைக்காரன் பார்த்த அருங்காட்சியகம்

ஜோர்டான் தலைநகர் அம்மான் பக்கம், சகாப் தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட்ஸில் எனக்குச் செக்கிங் வேலை. அதற்கு முன் திருப்பூரில் பதினோரு வருடம் இதே வேலைதான். துணி எதுவானாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சட்டை என்றால் மட்டும் கையைக் கட்டிக்கொள்வேன்.

அப்படிப்பட்டவனே ஏமாந்தேன். ஊருக்குக் கொண்டுபோகக் கடைத்தெருவில் ஒரு பாலஸ்தீனப் பூவேலைச் சால்வை வாங்கினேன். 'கைவேலை' என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. ஒட்டிய பிளாஸ்டிக் உறையை அறையில் வந்து பிரித்தால், பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல், அதாவது மெஷின் தையல்! அந்தக் கடுப்பில்தான், அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க, அம்மானில் உள்ள அரபு உடை அருங்காட்சியகமான திராஸுக்குப் போனேன்.

பெத்லகேமில் வளர்ந்த விதாத் கவார் அம்மையார் ஐம்பது வருடத்துக்கு மேல் தேடிச் சேர்த்த உடைகள் இவை. பாலஸ்தீனம், ஜோர்டான், சுற்றியுள்ள அரபு நாடுகள் என்று 2000க்கும் மேல். 2015இல் மையமாகத் திறந்தார்கள். அத்தனையையும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது, ஒரு பகுதிதான் கண்ணில் படும். எனக்கு அதுவே அதிகம்.

பெண்களின் நீள அங்கிக்குத் தோப் என்று பெயர். பழைய தோப்களில் துணியில் கோடு வரைவதில்லை. ஊடும் பாவும் எண்ணி எண்ணியே குறுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். மில் துணி வந்ததும் இழை நெருங்கிப்போய் எண்ண முடியாமல் ஆனது. அதற்கும் ஒரு வழி: மேலே கேன்வாஸ் வைத்துத் தைத்துவிட்டு, கேன்வாஸ் இழையை ஒவ்வொன்றாக உருவிவிடுவது. எங்கள் லைனில் சொன்னால் சூப்பர்வைசர் சிரிப்பார்.

பெத்லகேம் உடையின் நெஞ்சுப் பகுதி வேறு ரகம். பட்டுக் கயிற்றையும் ஜரிகைக் கயிற்றையும் வளைத்து வளைத்துப் படிய வைத்து மேலே தைப்பது. கல்யாணத்துக்கு மற்ற ஊர்க்காரர்களும் அந்தத் துண்டை மட்டும் பெத்லகேமில் வாங்கித் தங்கள் தோப்பில் வைத்துக்கொள்வார்களாம். சரி, அந்தக் காலத்து ஜாப் ஒர்க்!

ஜோர்டானின் சால்ட் நகரத்துக் கறுப்பு அங்கி ஆளின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு நீளம், மடித்து இடுப்பில் கட்ட வேண்டும். என் மனசு உடனே ஒரு பீஸுக்கு எத்தனை மீட்டர் போகும் என்று கணக்குப் போட்டது.

எனக்குப் பிடித்தது பாலஸ்தீன ஊரான மஜ்தலின் நெசவு. பச்சையும் சிவப்பும் கோடு ஓடும் ஒரு துணிக்கு 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1948 போருக்குப் பிறகு அந்தத் தறிக்காரர்கள் காசாவுக்குப் போய் அங்கே தறி போட்டார்கள். யாஃபா பக்கத்து பெய்த் தஜன் தையலுக்குப் பெயர் போன ஊர். அதே வருடம் காலியானது. தோப்பின் பூவேலையைப் பார்த்தே ஊரைச் சொன்ன காலம் அகதி முகாம்களில் கலைந்துபோனது. 1987இல் இஸ்ரேல் ஆக்கிரமிப்புக்கு எதிரான எழுச்சி தொடங்கிய பிறகு, பாலஸ்தீனக் கொடி பிடிக்கத் தடை இருந்ததால் கொடியின் நிறங்களையும் நாட்டு வரைபடத்தையும் தோப்பிலேயே தைத்துக்கொண்டார்கள். யுனெஸ்கோ 2021இல்தான் இந்தத் தையலைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ரொம்ப லேட்.

அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு இது வெறும் துணிக் கண்காட்சி. ஊசி பிடித்தவர்கள் ஒரு காலைப் பொழுதையே ஒதுக்கலாம். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சால்வையை எடுத்துத்தான் போகிறேன். மெஷின் வேலை என்று சொல்லியே மதினியிடம் கொடுப்பேன். நேர்மையாகச் சொன்னால், பிசிறு ஒன்றுகூட இல்லை. பாஸ்.