உருண்டைக் குண்டா, மினியே குண்டா?

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய ரைபிளில் குறி சிதறுகிறதா? முதலில் குழலின் முறுக்கை, அதாவது உள்ளே திருகலாக ஓடும் பள்ளங்கள் எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதைப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பொருத்தம்: அமெரிக்க நீள்குழல் ரைபிள்கள் மசகுத் துணியில் பொதிந்த உருண்டைக்காகச் செய்யப்பட்டவை. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் மூன்று பள்ளங்களும் கொண்ட 1853 என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைபிள், மினியே எனப்படும் அடியில் குழிவுள்ள நீளக் குண்டுக்கானது.

கெட்டிப்பது: உருண்டையைத் துணியோடு அழுத்தித் தள்ள வேண்டும். மினியே லேசாக இறங்கும். வெடிக்கும்போது வாயு அதன் அடிவிளிம்பை விரித்துப் பள்ளங்களில் பதிக்கிறது.

தூரம்: 50 கெஜத்தில் உருண்டை அருமை. 100-ஐத் தாண்டினால் வேகம் சட்டென்று குறையும், காற்றும் இழுக்கும்.

பிழை கண்டுபிடிப்பது: இதில் நான் உருண்டையின் பக்கம். சுட்டபின் தரையில் கிடக்கும் துணியை எடுத்துப் பாருங்கள். ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் சரி. கிழிந்தோ கருகி ஓட்டையாகியோ இருந்தால் துணி மெல்லியது, அல்லது மசகு போதவில்லை. மினியே இப்படிக் காட்டிக்கொடுக்காது. ஈயம் கடினமாக இருந்தாலும், அடிவிளிம்பு துளி நசுங்கியிருந்தாலும் குறி தவறும். சுத்த ஈயத்தில் வார்த்து, குழலின் உள்விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் சிறிதாக வையுங்கள்.

எதுவானாலும் கருமருந்துதான், புகையில்லா மருந்து பழைய குழலையே பிளந்துவிடும்.

பக்கத்துக் குறிக்கும், பழகிக்கொள்பவருக்கும் உருண்டை. என்ஃபீல்டு வகைக் குழலும் தொலைக் குறியும் என்றால் மினியே.