ஈமாக்ஸ்: அடியில் மிஞ்சிய 16 பிக்சல்

அலுவலகத்தில் ஒரு தம்பி புதிதாக ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பழகுகிறான். போன வாரம் கேட்டான்: "அண்ணா, மேக்ஸிமைஸ் பண்ணினாலும் அடியில ஒரு கோடு மாதிரி டெஸ்க்டாப் தெரியுதே, உங்களுக்கும் அப்படித்தானா?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆண்டுக்கணக்கில். பிரௌசர் எல்லாம் ஓரத்தைத் தொட்டு நிற்கும், இது மட்டும் எட்டாது. முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் லினக்ஸ் டெஸ்க்டாப்பையே மாற்றிப் பார்த்தேன். கோடு போகவில்லை.

ஈமாக்ஸ் தன் சாளரத்தைப் பிக்சலில் அளப்பதில்லை, எழுத்துக் கட்டங்களில் அளக்கிறது. சாளரங்களின் அளவையும் இடத்தையும் கவனிக்கும் விண்டோ மேனேஜரிடமும் "முழுக் கட்டமாகவே கொடு" என்று கேட்டு வைக்கிறது. மெனு, கருவிப்பட்டை எதுவும் நான் வைத்துக்கொள்வதில்லை. என் எழுத்துருவில் ஒரு வரி 19 பிக்சல் உயரம். முழுத்திரைக்கு எஃப்11 அழுத்தினால் 1080 பிக்சல் திரையில் 56 வரி பிடிக்கும். 1064 போக மிச்சம் 16. அந்தக் கோடு இதுதான்.

தீர்வு 2014-இல் 24.4 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஃபிரேம்-ரீசைஸ்-பிக்சல்வைஸ் என்ற மாறிக்கு டி (t, அதாவது 'ஆம்') என்று மதிப்புக் கொடுத்தால் போதும். அதை, ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் வழக்கமான இனிட் கோப்பில் போட்டபோது, முதலில் திறக்கும் சாளரம் மட்டும் பழையபடியே நின்றது. சாளரம் திறக்கும் முன்பே படிக்கப்படும், 27-ஆம் பதிப்பில் வந்த எர்லி-இனிட் கோப்புக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

என் கோபமெல்லாம் இங்கேதான். சில விண்டோ மேனேஜர்களில் உண்மையாகவே முழுத்திரை வேண்டுமானால் இதை இயக்க வேண்டியிருக்கும் என்று ஈமாக்ஸின் கையேடே சொல்கிறது. தெரிந்திருந்தும் இதை ஏன் அணைத்தே கொடுக்கிறார்கள்? எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் நிரலுக்குக் கட்டக் கணக்கு பொருந்தும். பாதி வெட்டுப்பட்ட வரி கடைசியில் தொங்காது என்பதும் நியாயம்தான். ஆனால் நான் பாதி நாள் தமிழ் எழுதுகிறேன். 'ர' அடங்கும் கட்டத்தில் 'ணௌ' அடங்குமா? தமிழ் எழுத்துரு வந்த வரி உயரமும் மாறிவிடுகிறது. என் பக்கத்தில் இல்லாத கட்டத்துக்காக என் திரையில் இடம் விடுகிறார்கள்.

அதே ஈமாக்ஸில்தான், 27-இல் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் சேர்ந்தபின், 'கொ', 'ஸ்ரீ' எல்லாம் உடையாமல் அழகாக வருகின்றன. குறிப்பெடுக்க உதவும் அதன் ஆர்க் மோடில் (Org mode) என் பத்து வருடக் குறிப்புகள் இருக்கின்றன. எவ்வளவு பெரிய கோப்பிலும் தேடல் என் விரல் போன வேகத்துக்கு வருகிறது. இதைவிட நல்ல எடிட்டரில் நான் எழுதியதில்லை.

ஆனாலும் தம்பியிடம், "இப்போதைக்கு வேற எடிட்டர் பாரு" என்றுதான் சொன்னேன். சாளரம் திரையை நிறைப்பதற்கே ஒருவன் கையேட்டைப் புரட்ட வேண்டும் என்றால், அவனை இதில் இழுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. கேட்டதற்காக அந்த ஒரு வரியை மட்டும் அனுப்பினேன். இன்று காலை அவன் திரையைப் பார்த்தேன். கோடு இல்லை, ஈமாக்ஸ் இருந்தது.