எண்ணெய் காறாமல் இருக்க எது உதவும்: ஆன்டிஆக்ஸிடன்டா, எமல்சிஃபயரா?

எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கம் 319, 322 என்று சேர்க்கைப் பொருள் எண்கள் இருந்தால் இரண்டும் எண்ணெய் கெடாமல் இருக்கத்தான் என்று பலரும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டின் வேலையும் வேறு.

319 என்பது டிபிஹெச்க்யூ (TBHQ), ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதை (ஆக்சிஜனேற்றம்) தடுக்கும் பொருள். சூடோ வெளிச்சமோ துளி இரும்போ செம்போ பட்டால் கொழுப்பு அமிலத்தில் ஒரு ராடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு துடிக்கும் மூலக்கூறு, பிறக்கும், அது ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு அடுத்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும், அங்கே இன்னொரு ராடிக்கல், இப்படிச் சங்கிலியாக நீண்டு கடைசியில் காறல் வாடை. டிபிஹெச்க்யூ தன்னிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. பல நாடுகளில் உச்ச அளவு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஜப்பானில் அனுமதியே இல்லை. பிஹெச்டி (BHT) என்ற பொருளும் இதே வகைதான், ஆனால் பொரிக்கும் சூட்டில் நீராவியோடு பறந்துவிடும்.

இயற்கையானது வேண்டுமென்றால் டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ. ஆனால் "கூடப் போட்டால் கூட நல்லது" என்பது இங்கே செல்லாது. ஆல்ஃபா டோகோஃபெரால் அளவு மீறினால் ஆக்சிஜனேற்றத்தையே தூண்டிவிடும். எண்ணெய்க்குள் காமா, டெல்டா வகைகள்தான் அதைவிட நன்றாக உழைக்கின்றன.

சரி, எமல்சிஃபயர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்திருக்க உதவும் பொருள்? 322 லெசித்தின். தனியாக விட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது, டோகோஃபெராலோடு சேர்த்தால் நல்ல துணை: உலோகத் துகள்களைக் கட்டிப்போடும், களைத்துப்போன டோகோஃபெராலை மீட்டும் தரும். உலோகத்தை மட்டும் கட்டிப்போட்டால் போதும் என்றால் சிட்ரிக் அமிலமே போதும். பொரிக்கிற எண்ணெயில் லெசித்தின் வேண்டவே வேண்டாம், நுரைக்கும், கறுக்கும். 471, அதாவது மோனோ, டைகிளிசரைடு, எண்ணெயின் பரப்பு இழுவிசையைக் குறைத்து ஆக்சிஜன் உள்ளே நுழைய வழிவிடலாம்.

அதனால் வெறும் எண்ணெய்க்கு என் ஓட்டு ஆன்டிஆக்ஸிடன்டுக்குத்தான். எண்ணெய் ஏற்கெனவே காறியிருந்தால் ஆன்டிஆக்ஸிடன்டைச் சேர்த்தும் பயனில்லை. அது காறலைத் தள்ளிப்போடும், திருப்பாது.

மயோனைஸ் மாதிரி தண்ணீரோடு கலந்ததில் கதை வேறு. அங்கே எண்ணெய்த் துளிகளைப் போர்த்தியிருப்பது எமல்சிஃபயர். அதன் மின்னூட்டம் எதிர்மறையாக இருந்தால் தண்ணீரில் இருக்கும் இரும்பைத் துளியின் பக்கம் இழுத்து ஆக்சிஜனேற்றத்தை வேகப்படுத்தும், நேர்மறையாக இருந்தால் விலக்கிவைக்கும். அப்புறம், அங்கே எமல்சிஃபயரைச் சரியாகத் தேர்ந்தெடுக்காமல் ஆன்டிஆக்ஸிடன்டை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண்செலவு.